தொண்டு செய்வோம், தலை குனிய மாட்டோம்!

  

பிறருக்குத் தொண்டு செய்வதில் நம் சமுதாயம் யாருக்கும் இளைத்ததல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைப் புரட்டிப் போட்டபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் அக்கம்பக்கத்து மீனவ மக்களுக்குச் சோறும் ஒதுங்க இடமும் கொடுத்தார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. கழுத்தளவு தண்ணீரில் படகு தள்ளியவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயில் இறந்தவரின் உடலைத் தொடச் சொந்த பந்தங்களே அஞ்சி ஒதுங்கிய வேளையில், கவச உடை அணிந்து வந்து தூக்கியவர்கள் நம் இளைஞர்கள். முஸ்லிமை முஸ்லிமின் முறைப்படியும், இந்துவை இந்துவின் முறைப்படியும், கிறிஸ்தவரைக் கிறிஸ்தவரின் முறைப்படியும் கண்ணியமாக அனுப்பி வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

ஆகவே, தொண்டு செய்யுங்கள் என்று உங்களிடம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது உங்கள் ரத்தத்தில் ஊறியது. செய்கின்ற தொண்டு நம்மையும் நிமிர்த்துகிறதா, நம்மிடம் வாங்குபவரையும் நிமிர்த்துகிறதா என்று கேட்கவே எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சான்றிதழுக்காகவா இந்தச் சேவை?

2020 மார்ச் மாத இறுதியில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குச் சென்று வந்தவர்களைக் காரணம் காட்டி, நோயைப் பரப்பியதே முஸ்லிம்கள்தான் என்ற பழி நாடு முழுவதும் பேசப்பட்டது. தமிழ்நாட்டிலும் அன்றாட நோய்க் கணக்கில் அவர்களைத் தனியாகப் பிரித்துச் சொன்னார்கள். வடமாநிலங்களில் தள்ளுவண்டியில் காய்கறி விற்ற ஏழை முஸ்லிமின் பெயரைக் கேட்டுவிட்டுத் துரத்தினார்கள். அந்தப் பழி அடங்குவதற்குள், ஏப்ரல் மாதத்திலேயே, நோயிலிருந்து குணமான தப்லீக் சகோதரர்கள் மற்ற நோயாளிகளுக்காகத் தங்கள் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா தானம் செய்தார்கள். எவ்வளவு பெரிய உள்ளம்!

ஆனால் அதன் பிறகு நம் மேடைகளில் ஒரு குரல் கேட்கத் தொடங்கியது. "பார்த்தீர்களா, எங்கள் ரத்தமும் சிவப்புதான். இவ்வளவு செய்தோமே, இப்போதாவது எங்களை நம்புங்கள்!" என்ற குரல். பேசுபவரின் வேதனை புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்: நம் ரத்தம் சிவப்பு என்பது நிரூபிக்க வேண்டிய ஒன்றா? இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் வியாபாரம் செய்து, வரி கட்டி, இந்த மண்ணிலேயே அடங்கப்போகிற நாம், ஒவ்வொரு பேரிடரின் போதும் புதிதாக ஒரு நன்னடத்தைச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வேண்டுமா?

அரசியல் சட்டத்தின் 14 ஆவது பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. 15 ஆவது பிரிவு மதத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. 25 ஆவது பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது. உடல் அடக்கம் செய்தவனுக்குத்தான் இந்த உரிமை, ரத்தம் கொடுத்தவனுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு என்று அங்கே ஒரு வார்த்தை உண்டா? உரிமையை நாம் செய்த சேவைக்கான கூலியாகக் கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும்? படுத்த படுக்கையாகக் கிடக்கும் நம் வயோதிகர், பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்க்கும் நம் விதவைத் தாய் இவர்களெல்லாம் எந்தச் சேவையைக் காட்டித் தங்கள் உரிமையைக் கேட்பார்கள்? அவர்கள் வாசலை நாமே அடைத்துவிடுகிறோம் என்பதை உணர வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. பாராட்டை எதிர்பார்த்துச் செய்கிறவன் பாராட்டு நின்ற மறுநாள் உடைந்து போகிறான். "இவ்வளவு செய்தும் இப்படிப் பேசுகிறார்களே, இனி யாருக்கும் செய்யமாட்டேன்" என்று ஒதுங்கிவிடுகிறான். அல்லாஹ்வுக்காகச் செய்தவனுக்கு இந்த ஏமாற்றம் இல்லை. எளியவர்க்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளிக்கும் நல்லடியார்கள், உங்களிடம் பிரதிபலனையோ நன்றியையோ நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்ற மனதோடு கொடுப்பார்கள் என்று திருக்குர்ஆனின் 76 ஆவது அத்தியாயம் கூறவில்லையா? நன்றியே எதிர்பார்க்காதவனை யாரால் அவமானப்படுத்த முடியும்?

யூசுஃப் நபி காட்டிய வழி

அப்படியானால் பேசாமல் செய்துகொண்டே இருக்க வேண்டுமா? பழி சொன்னாலும் வாய் மூடி இருக்க வேண்டுமா? இல்லை! இங்கேதான் ஹழ்ரத் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நம் இளைஞர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

செய்யாத குற்றத்திற்காகச் சிறையில் கிடந்தவர் அவர். அந்த நாட்டின் அரசர் கனவு கண்டு விளக்கம் தெரியாமல் தவித்தபோது, சிறைக்கு ஆள் வந்தது. யூசுஃப் (அலை) என்ன செய்தார்கள்? "என்னை விடுதலை செய், பிறகு சொல்கிறேன்" என்று பேரம் பேசினார்களா? இல்லை. ஏழாண்டுகள் பயிரிடுங்கள், உண்பதற்குத் தேவையானது போக மீதியைக் கதிரோடு விட்டு வையுங்கள், பின்னால் பஞ்சம் வரப்போகிறது என்று ஒரு நாட்டையே காப்பாற்றும் திட்டத்தை எந்த நிபந்தனையும் இன்றி எடுத்துச் சொன்னார்கள். தன்னைச் சிறையில் தள்ளிய நாட்டுக்கே செய்த தொண்டு அது!

அரசர் மகிழ்ந்து அவரை அழைத்துவரச் சொன்னார். சிறைக் கதவு திறந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஓடி வந்திருப்பார்கள். யூசுஃப் (அலை) வரவில்லை! என் மீது சுமத்தப்பட்ட பழி என்னவாயிற்று, அந்தப் பெண்களின் விஷயத்தை முதலில் விசாரிக்கச் சொல் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். விசாரணை நடந்தது. அஸீஸின் மனைவியே உண்மையை ஒப்புக்கொண்டாள். அதன் பிறகே சிறையை விட்டு வெளியே வந்தார்கள். செய்த உதவிக்கு விலை கேட்கவில்லை. அதே நேரத்தில் தன் பெயரின் மீதிருந்த கறையைத் துடைக்காமல் விடவும் இல்லை. தொண்டுக்குக் கணக்கு வேறு, மானத்திற்குக் கணக்கு வேறு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதக்கூடாது என்பது இதில் உள்ள பாடம்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். நாட்டின் களஞ்சியங்களை என்னிடம் ஒப்படையுங்கள், நான் பாதுகாக்கத் தெரிந்தவன், விபரம் அறிந்தவன் என்று அரசரிடம் நேருக்கு நேர் சொன்னார்கள். "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று பொய்யான பணிவு காட்டவில்லை. அல்லாஹ் கொடுத்த தகுதியை மறைப்பது அடக்கம் ஆகாது. தகுதி உள்ள இடத்தில் அதைச் சொல்லிப் பொறுப்பைக் கேட்டுப் பெறுவதும் மக்களுக்குச் செய்யும் தொண்டே. படித்துவிட்டுப் போட்டித் தேர்வு எழுதக் கூச்சப்படும் தம்பிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கடைசியாக, கிணற்றில் தள்ளிய அண்ணன்மார்கள் பஞ்சத்தில் அடிபட்டுத் தானியம் கேட்டு வந்து நின்றார்கள். முதல் முறை வந்தபோதே, அவர்கள் கொடுத்த கிரயத்தை அவர்களுக்கே தெரியாமல் மூட்டைகளில் திருப்பி வைக்கச் சொன்னார்கள் யூசுஃப் (அலை). உண்மை வெளிப்பட்ட நாளில் உங்கள் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்று மன்னித்துவிட்டார்கள். கொடுத்தபோதும் அவர்களைக் கூனிக் குறுகச் செய்யவில்லை. வணிகப் பெருமக்களே, வாடிக்கையாளர் அறியாமலே அவர் பணத்தைத் திருப்பி வைத்த அந்தக் கை எப்படிப்பட்ட கை!

வாங்குபவனுக்கும் மானம் உண்டு

ரமலான் பிறை இருபதைத் தாண்டினால் நம் கடைத்தெருக்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். புர்கா அணிந்த தாய்மார்கள் கைக்குழந்தையோடு கடை கடையாக ஏறி இறங்குவார்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய். சில கடைகளில் கல்லாவில் இருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நீட்டுவார். இன்னும் சில இடங்களில் பெயர் எழுதி, வரிசையில் நிற்கவைத்து, ஒரு சேலையைக் கொடுத்துப் படம் பிடித்து, அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஊர் முழுவதும் அனுப்பிவிடுவார்கள். தையல் இயந்திரம் வாங்கும் பெண்ணின் முகம், கல்வி உதவி வாங்கும் மாணவனின் முகம், திருமண உதவி பெறும் ஏழைத் தகப்பனின் முகம் எல்லாம் சுவரொட்டியில்!

ஒன்றைக் கேட்கிறேன். மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கிறீர்கள். தவணை வந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். அப்போது அவரை மேடையில் நிற்கவைத்துப் படம் எடுக்கிறீர்களா? இல்லையே! ஏன்? அது அவருடைய பணம். நீங்கள் கொடுக்கக் கடமைப்பட்டது. ஜகாத்தும் அப்படித்தான். செல்வர்களின் பொருளில் கேட்பவருக்கும் கேட்க முடியாதவருக்கும் குறிப்பிட்ட உரிமை இருக்கிறது என்று 70 ஆவது அத்தியாயத்தின் 24, 25 வசனங்கள் சொல்கின்றன. நூற்றுக்கு இரண்டரை என்பது உங்கள் கருணை அல்ல, ஏழையின் பாக்கி. பாக்கியைக் கொடுக்கும்போது எதற்கு விளம்பரம்?

கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனதைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 264 ஆவது வசனம் எச்சரிக்கிறது. அதே அத்தியாயத்தின் 273 ஆவது வசனம் இன்னொரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் ஏழைகள்தான். ஆனால் மானத்தோடு ஒதுங்கியிருப்பதால் விபரம் தெரியாதவர் அவர்களை வசதியானவர்கள் என்றே நினைப்பார். வற்புறுத்திக் கேட்கமாட்டார்கள். இப்படிப்பட்டவர்கள் உங்கள் முஹல்லாவில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் தெரியுமா? வரிசையில் நின்றால்தான் உதவி என்றால் அவர்கள் வரவேமாட்டார்கள். நாம்தான் தேடிப் போக வேண்டும். அதுவும் இரவில், சத்தமில்லாமல்.

மதீனாவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மக்காவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை, ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) என்ற அன்ஸாரித் தோழரோடு நபிகள் நாயகம் (ஸல்) சகோதரராக இணைத்தார்கள். ஸஅத் (ரலி) தம் சொத்தில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவ்வளவு தாராளம்! அப்துர் ரஹ்மான் (ரலி) என்ன பதில் சொன்னார்கள்? அவருக்காக துஆச் செய்துவிட்டு, இங்கே கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்குப் போனார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் வியாபாரம் செய்தார்கள். சில காலத்திலேயே சொந்தக் காலில் நின்று திருமணமும் முடித்தார்கள். பின்னாளில் வாரி வழங்கும் பெருஞ்செல்வர் ஆனார்கள்.

கொடுக்க முன்வந்தவர் பெருமையடிக்கவில்லை. மறுத்தவர் கொடுத்தவரை அவமதிக்கவும் இல்லை. இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் மதீனாச் சமுதாயம். ஆகவே வணிகர்களே, நூறு பேருக்கு நூறு நூறாகச் சிதறவிடும் பணத்தை ஒன்றாகத் திரட்டி உங்கள் முஹல்லா பைத்துல்மாலில் சேருங்கள். ஆண்டுக்குப் பத்துக் குடும்பங்களுக்காவது ஒரு தள்ளுவண்டி, ஒரு ஆட்டோ, ஒரு தொழிற்பயிற்சிக் கட்டணம் என்று கடைத்தெருவின் வழியைக் காட்டுங்கள். இந்த ஆண்டு வாங்கியவர் சில ஆண்டுகளில் கொடுப்பவராக மாறினால், அதுதான் உங்கள் ஜகாத்தின் வெற்றி.

தன்னை அழித்துக்கொள்வது தியாகமல்ல

இளைஞர்களே, இனி உங்களைப் பற்றி. எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு தம்பியைப் பார்க்கிறேன். ரத்தம் வேண்டுமென்றால் அவன், ஜனாஸா என்றால் அவன், ஆம்புலன்ஸ் என்றால் அவன், கூட்டத்திற்குக் கொடி கட்டவும் அவன். நல்ல பிள்ளை. ஆனால் கல்லூரியில் ஐந்து பாடம் பாக்கி. கடையை வயதான வாப்பா தனியாகக் கவனிக்கிறார். வீட்டில் உம்மா, "ஊருக்கெல்லாம் உழைக்கிறான், எனக்கு ஒரு மாத்திரை வாங்க நேரமில்லை" என்று கண் கலங்குகிறார்.

இது இஸ்லாம் கேட்கும் தியாகமா? அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தபோது, ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவரை உண்ணச் செய்து, உறங்கச் செய்து, உன் இறைவனுக்கும் உன் உடலுக்கும் உன் குடும்பத்தாருக்கும் உன் மீது உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவர்க்குக் கொடு என்று புத்தி சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபிகள் நாயகம் (ஸல்) உறுதி செய்தார்கள். இறைவணக்கத்திற்கே இந்த அளவு உண்டு என்றால் கொடி கட்டுவதற்கு அளவு வேண்டாமா?

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) நோயுற்றபோது தம் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்துவிட அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) மறுத்தார்கள். பாதிக்கும் மறுத்தார்கள். மூன்றில் ஒன்றே போதும், அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்ற காரணத்தையும் சொன்னார்கள். மேலும், தன்னால் தாங்க முடியாத சோதனையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு மூமின் தன்னை இழிவுபடுத்திக்கொள்வது தகாது என்பதும் நபிமொழியே.

தலைவர்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதில் பெரும் பொறுப்பு இருக்கிறது. தேர்வு நேரத்தில் மாணவனை வேலைக்கு அழைக்காதீர்கள். ஜனாஸா தூக்குகிறவனுக்குக் கையுறையும் தடுப்பூசியும் காப்பீடும் ஏற்பாடு செய்யுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வயிறு நிறையும் சம்பளம் கொடுங்கள். இன்னும் ஒன்று: இமாமுக்கும் முஅத்தினுக்கும் மதரஸா உஸ்தாதுக்கும் சொற்பச் சம்பளம் கொடுத்துவிட்டு, "இது சேவை ஹஜ்ரத், இக்லாஸோடு செய்யுங்கள்" என்று சொல்வதை நிறுத்துங்கள். இக்லாஸ் என்பது செய்கிறவர் மனதில் இருக்க வேண்டியது. கொடுக்கிறவர் குறைத்துக் கொடுப்பதற்கான காரணம் அல்ல.

செய்யும் வேலையை வைத்து ஆளை எடை போடும் பழக்கமும் நம்மை விட்டுப் போகவேண்டும். மஸ்ஜிதுன் நபவியைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துவிட்டார். இது சின்ன விஷயம்தானே என்று எண்ணித் தோழர்கள் நபி (ஸல்) அவர்களிடம் சொல்லாமலே அடக்கம் செய்துவிட்டார்கள். விசாரித்து அறிந்த நபி (ஸல்) எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய் அவருக்காகத் தொழுதார்கள். மையித்துக் குளிப்பாட்டும் பெரியவரைக் கலியாண விருந்தில் கடைசிப் பந்தியில் உட்காரவைக்கும் ஊர்கள் இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டும்.

பெருமை வேறு, தன்மானம் வேறு

"தன்மானம் பேசினால் அது பெருமை ஆகாதா?" என்று சிலர் கேட்கலாம். பெருமை என்றால் என்ன என்பதை நபி (ஸல்) அவர்களே தெளிவாக்கிவிட்டார்கள். உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகப் பார்ப்பதும்தான் பெருமை. நல்ல உடையும் நல்ல செருப்பும் அணிய விரும்புவது பெருமை அல்ல. தன்மானம் உள்ளவன் தன்னையும் தாழ்த்தமாட்டான், பிறரையும் தாழ்த்தமாட்டான். ஆதமுடைய மக்களை நாம் கண்ணியப்படுத்தினோம் என்று அல்லாஹ் 17 ஆவது அத்தியாயத்தில் சொல்வது உனக்கும் பொருந்தும், உன் முன்னால் கை நீட்டி நிற்பவனுக்கும் பொருந்தும்.

நம் முன்னோர்கள் இந்த நிதானத்தை அறிந்திருந்தார்கள். 1919 இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951 இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் எழுந்தன. வணிகம் செய்து சேர்த்த பணத்தை நம் செல்வந்தர்கள் வகுப்பறைகளாக மாற்றினார்கள். அங்கே எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள். கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களும் வணிகத்துறையிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர்தான். பிரிவினைக்குப் பின் சமுதாயம் அஞ்சி ஒடுங்கிக் கிடந்த 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இயக்கக் கொடியை இறக்காமல் பிடித்தார். அரசியல் நிர்ணய சபையில் சமுதாயத்தின் உரிமைகளைத் தயங்காமல் கேட்டார். அதே அவையில் தமிழ் ஆட்சிமொழியாக வேண்டும் என்றும் வாதாடினார். 2007 இல் தமிழ்நாட்டில் நமக்குக் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீடும் சேவையைப் பாராட்டி யாரோ தந்த பரிசல்ல; பின்தங்கியிருக்கிறோம் என்பதை எடுத்துச் சொல்லிக் கேட்டுப் பெற்றது. ஒரு கை கொடுத்தது, மறு கை உரிமையைக் கேட்டது. இரண்டையும் ஒன்றுக்கொன்று பண்டமாற்றுச் செய்யவில்லை.

ஆகவே இளைஞனே! நாளை வெள்ளம் வந்தால் முதல் ஆளாக இறங்கு. யார் என்று கேட்காமல் தூக்கு. வேலை முடிந்ததும் யாருடைய கைதட்டலுக்கும் காத்திராமல் வீட்டுக்குப் போய் உன் தாய்க்கு மாத்திரை வாங்கிக் கொடு, பாடத்தைப் படி, கடையைத் திற. மறுநாள் உன் மீது யாராவது பழி சொன்னால், "நேற்று நான் செய்ததைப் பார்" என்று கெஞ்சாதே. "இது பொய், ஆதாரம் காட்டு" என்று நிமிர்ந்து கேள். வணிகப் பெருமகனே! வரும் ரமலானில் உங்கள் கடை வாசலில் வரிசை நிற்கவேண்டாம். உங்கள் ஜகாத் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகட்டும்.

குனிந்து தூக்குவோம், ஆனால் குனிந்தே நிற்க மாட்டோம். அல்லாஹ் நம் அமல்களை ஏற்று, நம்மையும் நம்மால் உதவி பெறுவோரையும் கண்ணியத்தோடு வாழச் செய்வானாக! ஆமீன்.